சுத்தமான கரும்பும் எதிர்ப்புள்ள கரும்பும்

கரும்பு நாற்று விற்கும் இடங்களில் "நோய் எதிர்ப்புத் திறன் கொண்ட திசு வளர்ப்பு நாற்று" என்ற பலகையைப் பார்க்கலாம். அந்த ஒரே வரியில் இரண்டு வேறு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தாய்க் கரும்புக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் நோயைத் திசு வளர்ப்பு, அதாவது செடியின் சிறு துண்டைப் பாட்டிலில் சத்துக்கலவையில் வளர்ப்பது, நீக்கித் தரும். நாளைக்கு வரப்போகும் நோயைத் தாங்கும் சக்தியை அது தராது. கோ 86032 ரகத்தின் குருத்து நுனியை வளர்த்தால் கிடைப்பது அதே கோ 86032தான். தாய் செவ்வழுகல் என்ற பூஞ்சை நோயை எந்த அளவுக்குத் தாங்குமோ, நாற்றும் அந்த அளவுக்குத்தான் தாங்கும். எதிர்ப்புச் சக்தி கூட வேண்டுமென்றால் மரபணுவில் ஏதாவது மாற வேண்டும். அது இனக்கலப்பால் மாறலாம், திசு வளர்ப்பின்போது தற்செயலாக மாறலாம், வெளியிலிருந்து ஒரு மரபணுவைச் செலுத்துவதாலும் மாறலாம். இந்த வேறுபாடு தெரியாமல் நாற்று வாங்குபவர் இரண்டாம் மறுதாம்பில் (வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் பயிரில்) கரும்பு காயும்போது ஆய்வகத்தைத் திட்டுவார். ஆய்வகம் சரியாகச் செய்திருந்தாலும் அவருடைய பயிர் காய்ந்திருக்கும்.

கரும்பில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், நாம் கரும்பை விதையிலிருந்து வளர்ப்பதில்லை. கழியைக் கரணை கரணையாக, அதாவது மொட்டுள்ள துண்டுகளாக வெட்டி நடுகிறோம். பெரும்பாலான பயிர்களில் வைரஸ்களில் பலவற்றை விதை வடிகட்டிவிடும். கரணையில் அந்த வடிகட்டி கிடையாது. தாய்க்கழியில் இருந்த எல்லாமே மகளுக்குப் போகும். தேமல் வைரஸ், அசுவினி பரப்பும் மஞ்சள் இலை வைரஸ், புல்தண்டு நோய்க்குக் காரணமான ஃபைட்டோபிளாஸ்மா என்ற செல்சுவரற்ற பாக்டீரியா, மறுதாம்புக் குட்டை நோயை உண்டாக்கும் பாக்டீரியா, கரிப்பூட்டைப் பூஞ்சை எல்லாம் கரணைக்குள் உட்கார்ந்து ஊர் ஊராகப் பயணம் செய்கின்றன. இதில் மறுதாம்புக் குட்டை நோய் மிக மோசமானது, ஏனென்றால் வெளியே பளிச்சென்று தெரியும் அறிகுறி எதுவும் இல்லை. கழி கொஞ்சம் மெலியும், கணு கொஞ்சம் நெருங்கும், விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். "ரகம் தேய்ந்துபோச்சு" என்று நாம் சொல்வதில் ஒரு பெரும் பங்கு உண்மையில் ரகத்தின் தேய்மானம் இல்லை, இப்படி உள்ளே சேர்ந்துபோன நோய்களின் சுமை.

செவ்வழுகல் வேறு கதை. கொலிட்டோட்ரிக்கம் ஃபால்கேட்டம் என்ற பூஞ்சை. மேலிருந்து மூன்றாவது, நான்காவது தோகை மஞ்சளாகிக் காயும். கழியைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, அதன் குறுக்கே வெள்ளைத் திட்டுகள், மூக்கில் புளித்த சாராய வாடை. குறுக்கே ஓடும் அந்த வெள்ளைத் திட்டுதான் அடையாளம். அது இல்லாத சிவப்பை உடனே செவ்வழுகல் என்று சொல்லிவிடக் கூடாது, வாடல் நோயிலும் உள்ளே நிறம் மாறும். இந்தப் பூஞ்சைக்கு மனிதர்கள் பாடுபட்டு உருவாக்கிய ரகங்களை ஒவ்வொன்றாக வீழ்த்திய வரலாறு உண்டு. 1938-40 வாக்கில் உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் கோ 213 விழுந்தது. சர்க்கரைச் சத்துக்குப் பேர்போன, கடலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த கோசி 671 தமிழகக் கடலோரப் பகுதிகளில் விழுந்தது. 2009இல் வெளியாகி வட இந்தியாவின் கரும்புப் பரப்பையே பிடித்துக்கொண்ட கோ 0238, சிஎஃப் 13 என்று பெயரிடப்பட்ட புதிய நோய்க்கிருமி வகையிடம் தோற்றது. ஒரே ரகத்தைக் கண்ணுக்கெட்டிய தூரம் நட்டுவைத்தால், அதை உடைக்கக் கூடிய ஒரு பூஞ்சை வகை எழும்பினால் போதும், அத்தனை வயலும் அதற்குத் தீனி.

குருத்து நுனியிலிருந்து நாற்று

முதலில் சுத்தம் செய்யும் பக்கத்தைப் பார்ப்போம். அதில்தான் அன்றாட வேலை அதிகம், தவறும் அதிகம்.

தாய்ச்செடியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிகிறது. ரகத்தின் உண்மைத்தன்மை உறுதியான, ஐந்தாறு மாத வயதுள்ள, கண்ணுக்கு நோயே தெரியாத தூர்களிலிருந்து கொழுந்தாடையை, அதாவது கழியின் உச்சிப் பகுதியை, வெட்டி எடுக்க வேண்டும். தாய்க் கரணையை நடுவதற்கு முன் 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 2 மணி நேரம் வைத்திருந்தால் புல்தண்டு நோயும் மறுதாம்புக் குட்டை நோயும் பெருமளவு குறைந்திருக்கும். வெந்நீர் வைரஸைத் தொடாது, செவ்வழுகலையும் நம்பகமாகக் கொல்லாது. அதனால் வெப்பச் சிகிச்சையும் நுனி வளர்ப்பும் ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது, இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

கொழுந்தாடையின் வெளித்தோகைகளை உரித்துவிட்டு, சுமார் 10 செ.மீ. நீளத்துக்கு உள்குருத்தை வைத்துக்கொள்வார்கள். ஓடும் தண்ணீரிலும் சோப்புக் கரைசலிலும் கழுவி, 70 சதவீத எத்தனாலில் அரை நிமிடம் முக்கி எடுத்து, கிருமிநீக்கக் கரைசலில் 5 முதல் 10 நிமிடம் வைப்பது வழக்கம். பல ஆய்வகங்கள் இன்னும் 0.1 சதவீத மெர்குரிக் குளோரைடைத்தான் பயன்படுத்துகின்றன. நன்றாக வேலை செய்யும், ஆனால் அது பாதரசம். கழுவிய நீரைச் சாக்கடையில் விடக் கூடாது, தனியாகச் சேகரிக்க வேண்டும். சோடியம் ஹைப்போகுளோரைட்டில் பழகிக்கொள்வதே நல்லது. பிறகு கிருமிநீக்கிய நீரில் மூன்று முறை அலசல்.

அடுத்தது கிருமி வடிகட்டிய காற்று வீசும் காற்றுவடி மேடையில், நுண்ணோக்கியின் கீழ். குருத்தை ஒவ்வொரு சுற்றாக உரித்துக்கொண்டே போனால் நடுவில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஒரு குவிமுனை தெரியும். அதையும் அதைச் சுற்றியுள்ள ஒன்றிரண்டு இலைமுகிழ்களையும் சேர்த்து 0.3 முதல் 0.5 மி.மீ. அளவில் வெட்டி எடுக்க வேண்டும். இந்த அளவில்தான் எல்லாம் இருக்கிறது. நுனியில் சாற்றுக்குழாய் இன்னும் உருவாகியிருக்காது, செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும், அதனால் வைரஸ் அங்கே எட்டிப்பிடிக்கத் தடுமாறுகிறது. 0.2 மி.மீ. எடுத்தால் சுத்தம் அதிகம், ஆனால் பிழைப்பவை குறைவு. 1 மி.மீ. எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும், வைரஸும் கூடவே பிழைக்கும். இலக்கு எண்ணிக்கையை எட்டும் அவசரத்தில் கை பெரிதாக வெட்டத் தொடங்கும்போது, நாற்றின் பெயர் மட்டும் நுனி வளர்ப்பு என்று இருக்கும். மஞ்சள் இலை வைரஸ் சாற்றுக்குழாயோடு மட்டும் வாழ்வது, அதனால் ஒழுங்காக வெட்டிய நுனியில் அது எளிதாக விலகுகிறது. தேமல் வைரஸ்களுக்கு இன்னும் சிறிய நுனி தேவைப்படுகிறது.

வளர்ப்பு ஊடகம் எம்.எஸ். ஊடகம், அதாவது முராஷிகேயும் ஸ்கூகும் 1962இல் புகையிலைக்காக வகுத்த உப்புக் கலவை. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, அகார் சேர்ப்பதானால் 7-8 கிராம், பி.எச். அளவு 5.7-5.8. 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில் 15-20 நிமிடம் ஆட்டோகிளேவ், அதாவது நீராவியில் கிருமிநீக்கம். தொடக்கத்தில் திரவ ஊடகத்தில் வடிதாளைப் பாலம்போல மடித்து வைத்து, அதன் மேல் நுனியை உட்காரவைப்பது நல்ல பழக்கம். காரணம், கரும்பு வெட்டுப்பட்டவுடன் ஃபீனால் கசியவிடும். ஊடகம் தேநீர் நிறத்துக்குப் போகும், நுனி கறுத்துச் சாகும். திரவத்தில் இருந்தால் அந்தக் கசிவு நீர்த்துப்போகிறது, முதல் வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கலாம். அஸ்கார்பிக் அமிலம், சிட்ரிக் அமிலம், பி.வி.பி. ஆகியவை உதவும். ஆனால் அடிக்கடி மாற்றுவதற்கு ஈடாக எதுவும் இல்லை.

நுனி பச்சைக்குத் திரும்பித் தளிர் விட்டதும் பெருக்கும் கட்டம். லிட்டருக்கு 0.5 முதல் 1 மி.கி. பி.ஏ.பி., கூடவே சிறிதளவு என்.ஏ.ஏ. அல்லது கைனெட்டின். எல்லாமே செடி ஹார்மோன்கள். 25 டிகிரி வெப்பநிலை, நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம். 15-20 நாளுக்கு ஒருமுறை கொத்தைப் பிரித்து மறுபடி வைக்க வேண்டும். ஒற்றைத் தளிராகப் பிரித்தால் துவண்டுவிடும், மூன்று நான்கு தளிர் கொண்ட சிறு கொத்தாக வைத்தால்தான் பெருகும். ஒரு சுற்றுக்கு மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால் ஆறு சுற்றில் ஒன்று 729 ஆகிறது. சுற்றைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கேதான் நிறுத்த வேண்டும். ஏழெட்டு சுற்றுக்கு மேல் போனால் ரகம் பிசகிய செடிகள் கூடுகின்றன. புது நுனியிலிருந்து மறுபடி தொடங்குவதுதான் நேர்மை.

இந்தக் கட்டத்தில் வரும் கோளாறுகளில் ஏமாற்றுவது உள்வாழ் பாக்டீரியா. முதல் இரண்டு சுற்று எல்லாம் சுத்தமாகத் தெரியும். மூன்றாவது சுற்றில் கொத்தின் அடியைச் சுற்றிப் பால் கலங்கியது போல ஒரு வெண்மூட்டம். மேற்பரப்பைக் கழுவியதால் அது போகவில்லை, திசுவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக் போட்டால் சில வாரம் அடங்கி மறுபடி எழும். அந்த வரிசையையே எறிந்துவிடுவது மலிவு. இன்னொன்று, தளிர்கள் நீர் கோத்துக் கண்ணாடிபோல ஆவது. பி.ஏ.பி. அதிகம், அகார் குறைவு, பாட்டிலுக்குள் காற்றோட்டம் இல்லை என்ற மூன்றில் ஒன்றோ மூன்றுமோ காரணமாக இருக்கும்.

வேர்விடும் கட்டத்தில் உப்பைப் பாதியாகக் குறைத்து, சர்க்கரையை லிட்டருக்கு 50-60 கிராமாகக் கூட்டி, என்.ஏ.ஏ. 3 முதல் 5 மி.கி. சேர்ப்பார்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் வந்துவிடும். ஊடகத்தில் விட்ட வேரில் வேர்த்தூவிகள் மிகக் குறைவு, இலையிலும் மெழுகுப் பூச்சு ஏறியிருக்காது. அதனால் பாட்டிலை விட்டு எடுத்த நாளிலிருந்து ஈரப்பதம் 80-90 சதவீதத்தில் நிற்க வேண்டும். வேரில் ஒட்டிய அகாரைத் துளிகூட மிச்சமில்லாமல் கழுவ வேண்டும், அதிலிருக்கும் சர்க்கரை பூசணத்துக்கு விருந்து. மணல், மண், மக்கிய ஆலைக்கழிவு சம அளவில் கலந்த குழித்தட்டில், நிழல்வலைக்குக் கீழ் 30 முதல் 45 நாள். இரண்டாம் வாரத்திலிருந்து ஈரப்பதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். முழு வெயில் ஒரு வாரம் பார்த்த நாற்றைத்தான் வயலுக்கு அனுப்பலாம்.

சோதனை எங்கே நடக்க வேண்டும்? தாய்ச்செடியில் ஒருமுறை, பெருக்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை. ஆர்.என்.ஏ. வைரஸ்களான தேமலுக்கும் மஞ்சள் இலைக்கும் ஆர்.டி.-பி.சி.ஆர். (மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை), ஃபைட்டோபிளாஸ்மாவுக்கு இரண்டடுக்கு பி.சி.ஆர். விற்கும் நேரத்தில் சில நாற்றுகளைச் சோதித்துச் சான்று வாங்குவதைவிட, தொடக்கத்தில் ஒவ்வொரு நுனியையும் சோதிப்பது பல மடங்கு பயனுள்ளது. அந்த ஒரு நுனியிலிருந்துதான் எழுநூறு செடி வரப்போகிறது. இந்தியாவில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்பு நாற்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையை நடத்துகிறது. நாற்று வாங்குபவர் கேட்க வேண்டியது அந்தச் சான்றில் தன்னுடைய தொகுதி எண் இருக்கிறதா, எந்தெந்த வைரஸுக்குச் சோதித்தார்கள் என்பதைத்தான். "திசு வளர்ப்பு" என்ற சொல்லில் எந்த உத்தரவாதமும் இல்லை.

வயலில் வைக்கும்போது

திசு நாற்றை ஆலைக்கு வெட்டும் கரும்பாக நடுவது வீண். அது விதைக்கரும்புக்கு மூலம். 5 அடிக்கு 2 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 4,350 நாற்று பிடிக்கும். வளர்முனை மண்ணுக்குள் புதையாமல் நட வேண்டும், புதைந்தால் அழுகும். நட்ட அன்றே தண்ணீர். முதல் 40 நாள் களையையும் இளங்குருத்துப்புழுவையும் விடாமல் பார்க்க வேண்டும். மெல்லிய நாற்று என்பதால் கரணைப் பயிர் தாங்கும் சேதத்தை இது தாங்காது.

முதல் பருவத்தில் தூர் மிக அதிகமாகவும் கழி மெல்லியதாகவும் வரும். பாட்டிலில் இருந்த பி.ஏ.பி. போன்ற சைட்டோகைனின் ஹார்மோன்களின் தாக்கம் இன்னும் விலகவில்லை. பார்த்தால் புல்தண்டு நோய் மாதிரியே இருக்கும், பயந்து பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. புல்தண்டு நோயில் தோகை வெளிறி, சில தளிர் முழு வெள்ளையாக நிற்கும். திசு நாற்றுத் தூரில் தோகை நல்ல பச்சையாக இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் அந்தத் தூரைப் பிடுங்கிவிடுவதே நல்லது. ஒரு தூர் போனால் ஒன்றும் குறையாது. இந்தக் கரும்பை ஏழெட்டு மாதத்தில் வெட்டி அடுத்த நிலை நாற்றங்காலுக்குக் கரணையாகப் போட்டால், அந்தத் தலைமுறையில்தான் கழி தடிமனும் எடையும் சரியான நிலைக்கு வரும். மூல விதை, ஆதார விதை, வணிக விதை என்ற மூன்று படிக்குப் பிறகு மறுபடி புது நுனிக்குத் திரும்ப வேண்டும். அசுவினி பறக்கும் ஊரில் மஞ்சள் இலை வைரஸ் ஒரு சில பருவத்திலேயே திரும்ப வந்துவிடுகிறது.

எதிர்ப்பு எங்கிருந்து வரும்

கோயம்புத்தூர் இந்த விஷயத்தில் உலகத்துக்கே முன்னோடி. 1912இல் அங்கே தொடங்கிய நிலையத்தில் பார்பர், வேங்கடராமன் என்ற விஞ்ஞானிகள் நாட்டு நாணலைக் கரும்போடு கலந்தார்கள். 1918இல் வந்த கோ 205 அந்தக் கலப்பின் பிள்ளை. இன்றைய ரகங்களின் நோய் தாங்கும் குணத்திலும் மறுதாம்பு வலுவிலும் பெரும்பகுதி அந்த நாணல் இரத்தம்தான். கரும்பின் மரபணுத் தொகுதி சிக்கலானதற்கும் அதுவே காரணம். ஒரு செல்லில் 100 முதல் 130 குரோமோசோம், ஒவ்வொரு மரபணுவுக்கும் பல நகல், நகலுக்கு நகல் சிறு வித்தியாசம். இரண்டு நல்ல ரகங்களைக் கலந்தால் இரண்டின் நல்ல குணமும் பிள்ளைக்கு வரும் என்ற கணக்கெல்லாம் இங்கே எடுபடாது. ஒரு ரகத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

திசு வளர்ப்பே சில நேரம் மரபணுவைக் கலைத்துவிடும். குருத்து நுனியை விட்டுவிட்டுக் கேலஸ் என்ற ஒழுங்கற்ற செல்திரளிலிருந்து செடி எடுத்தால், அவற்றில் சில தாயைப்போல இருக்காது. நாற்று விற்பவருக்கு இது குற்றம், ஆராய்ச்சியாளருக்கு இது வாய்ப்பு. ஃபிஜியில் பிண்டார் ரகத்தின் கேலஸிலிருந்து வந்த செடிகளில் ஃபிஜி நோய் என்ற வைரஸ் நோயைத் தாங்குபவை 1970களில் கிடைத்தன. நம் நாட்டில் கோ 94012 ரகம் கோசி 671இலிருந்து இப்படி வந்ததுதான். ஆனால் இது குருட்டு வேட்டை. ஆயிரக்கணக்கில் வளர்த்து வயலில் வடிகட்ட வேண்டும், கிடைத்த மாற்றம் சில மறுதாம்பில் மறைந்தும் போகலாம்.

மரபணுவைச் செலுத்துவது

கரும்புக்குள் வெளி மரபணுவை வெற்றிகரமாகச் செலுத்தி முழுச்செடி எடுத்தது 1992இல், ஆஸ்திரேலியாவில், போவர், பிர்ச் என்ற ஆய்வாளர்கள். வழிமுறை இன்றும் அடிப்படையில் அதேதான். குருத்தின் உள்ளே சுருண்டிருக்கும் இளந்தோகையை, வளர்முனைக்குச் சற்று மேலே, 1-3 மி.மீ. தடிமன் வட்டுகளாக நறுக்குவார்கள். எம்.எஸ். ஊடகத்தில் லிட்டருக்கு 3 மி.கி. 2,4-டி, பத்து சதவீதம் இளநீர். ஆமாம், களைக்கொல்லி என்று நாம் அறிந்த அதே 2,4-டி, இங்கே மிகச் சிறு அளவில் செல்லைப் பிரியவைக்கும் ஹார்மோனாக வேலை செய்கிறது. இருட்டில் நான்கிலிருந்து ஆறு வாரம். இரண்டு வகைக் கேலஸ் வரும். ஒன்று கொழகொழவென்று நீர் கோத்தது, அதிலிருந்து செடி வராது. மற்றது வெண்மையாக, உறுதியாக, முடிச்சு முடிச்சாக இருக்கும். கருவுருவாகும் கேலஸ் அதுதான். இரண்டையும் கண்ணால் பிரிக்கத் தெரிந்த கைக்குத்தான் இந்த ஆய்வகங்களில் மதிப்பு.

செலுத்த இரண்டு வழி. தங்கத் துகள்களில், அதாவது ஒரு மைக்ரான் அளவுள்ள தூளில், டி.என்.ஏ.வைக் கால்சியம் குளோரைடும் ஸ்பெர்மிடினும் சேர்த்துப் படியவைத்து, ஹீலியம் அழுத்தத்தில் கேலஸ் மீது சுடுவது ஒன்று. சுடுவதற்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் சார்பிட்டாலும் மேனிட்டாலும் கலந்த ஊடகத்தில் வைத்தால் செல்கள் சற்றுச் சுருங்கிக்கொள்ளும், துகள் துளைத்தாலும் உள்ளிருப்பது வெளியே பீறிடாது. இந்த வழியில் ஒரே செல்லுக்குள் பல நகல்கள் குவிந்து நுழைவது பெரிய குறை. மற்றொன்று அக்ரோபாக்டீரியம், தன் டி.என்.ஏ.வைச் செடிக்குள் செலுத்தும் மண் பாக்டீரியா. நகல் எண்ணிக்கை குறைவாகவும் ஒழுங்காகவும் நுழையும். ஆனால் கரும்பு ஒரு புல் இனம், இந்தப் பாக்டீரியா இயல்பாகத் தொற்றும் இனமில்லை. அசிட்டோசிரிங்கோன் என்ற காயவாசனைப் பொருளைச் சேர்த்து அதைத் தூண்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் கூடி வாழவிட்டுப் பிறகு செஃபோடாக்சிம் போன்ற மருந்தால் பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும். அது முழுதாகச் சாகாவிட்டால் பின்னால் வரும் பி.சி.ஆர். சோதனையில் பாக்டீரியாவில் மிஞ்சிய மரபணுவே செடியின் மரபணுவாகத் தெரிந்து ஏமாற்றும்.

நுழைந்த செல்களைப் பிரிக்க, செலுத்தியதோடு சேர்த்து ஒரு தேர்வு மரபணுவும் போகும். அது இருக்கும் செல் மட்டும் ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கிப் பிழைக்கும். பல பயிர்களில் கானமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் போதும். கரும்பு செல்கள் கானமைசினை இயல்பாகவே தாங்குவதால் ஜெனெட்டிசின்தான் இங்கே வேலைக்கு ஆகிறது, லிட்டருக்கு 30-50 மி.கி. தேர்வைத் தளர்த்தினால் தப்பிப் பிழைத்தவை பெருகும். இறுக்கினால் வெள்ளைச் செடிகளும் மலட்டுக் கேலஸும் மிஞ்சும். பிறகு 2,4-டியை நீக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் செடி எழும்.

எழுந்த செடியில் மரபணு இருப்பது பி.சி.ஆரில் தெரியும், எத்தனை நகல் என்பது சதர்ன் பிளாட்டில் தெரியும். அது வேலை செய்கிறதா என்பதுதான் கரும்பில் மிகக் கடினமான கேள்வி. கரும்பு வெளி மரபணுவை மௌனமாக்குவதில் கில்லாடி. கண்ணாடிக் கூடத்தில் நன்றாகப் பேசிய மரபணு, வயலில், முதிர்ந்த கழியில், அடுத்த மறுதாம்பில் வாயை மூடிக்கொள்ளும். மரபணுவை இயக்கும் சுவிட்சான தூண்டியும் முக்கியம்: புகையிலையில் வலுவாக இயங்கும் 35எஸ் தூண்டி கரும்பில் பலவீனம். மக்காச்சோளத்தின் யுபிக்விட்டின் தூண்டி அதைவிடப் பல மடங்கு மேல். அதனால் நூற்றுக்கணக்கான தனித்தனிச் செடிகளை எடுத்து, பல பருவம், பல ஊர் பார்த்த பிறகே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

நோய்க்கு எதிராக இதுவரை செய்தவற்றில் அழகானது இலைச்சூட்டு நோய்க்கு எதிரான வேலை. அந்த நோயை உண்டாக்கும் பாக்டீரியா அல்பிசிடின் என்ற நஞ்சைக் கக்கி, பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. பெருகுவதை நிறுத்துகிறது. அதனால்தான் இலையில் வெள்ளைக்கோடு விழுகிறது. அந்த நஞ்சை முறிக்கும் நொதியை வேறொரு பாக்டீரியாவிலிருந்து எடுத்துக் கரும்பில் வைத்தார்கள். 1999இல் பிர்ச் குழு வெளியிட்ட முடிவின்படி நொதி போதிய அளவு உற்பத்தியான செடிகளில் நோய்க்குறி வரவில்லை, கிருமி பெருகவும் இல்லை. நோய்க்கிருமியைக் கொல்லவே இல்லை, அதன் ஆயுதத்தை மட்டும் பிடுங்கினார்கள்.

வைரஸுக்கு வழி வேறு. வைரஸின் உறைப்புரத மரபணுவில் ஒரு பகுதியை, புரதமே உருவாகாத வடிவில் செடிக்குள் வைத்தால், மேலே குறையாகச் சொன்ன அந்த மௌனமாக்கும் குணம் இங்கே வரமாகிறது. செடி அந்த வரிசையை எதிரியாகக் குறித்துக்கொண்டு, உண்மையான வைரஸ் ஆர்.என்.ஏ. உள்ளே வரும்போது துண்டு துண்டாக வெட்டிவிடும். டெக்சாஸில் 1999இல் சோளத் தேமல் வைரஸுக்கு எதிராக இது நடந்தது. ஹவாயில் 2011இல் மஞ்சள் இலை வைரஸுக்கு எதிராகச் செய்த ஒன்பது வரிசைகளில் ஆறில் வைரஸ் அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் குறைந்தது. வரிசை ஒத்துப்போகும் வைரஸுக்கு மட்டுமே இது பலிக்கும். தேமலுக்கு வைத்தது மஞ்சள் இலைக்கு உதவாது.

செவ்வழுகலுக்கு லூதியானாவில் முயன்றார்கள். ட்ரைக்கோடெர்மா என்ற நன்மைப் பூஞ்சையின் பீட்டா-1,3-குளுக்கனேஸ் மரபணுவைக் கோஜே 83 ரகத்தில் வைத்தது 2017இல் வெளியானது. செவ்வழுகல் பூஞ்சையின் செல்சுவரை அரிக்கும் நொதி இது. கொள்கை சரி. ஆனால் செவ்வழுகல் வாழ்வது கழியின் சோற்றுப்பகுதியில், நொதி அங்கே, முதிர்ந்த கணுவிடையில், போதிய அளவு இருக்க வேண்டும். இலையில் அளந்து திருப்தியடைந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அதனால் சோதனை கழியிலேயே நடக்க வேண்டும். ஏழு மாதக் கரும்பில், அடியிலிருந்து வெளித்தெரியும் மூன்றாவது கணுவிடையில் துளையிட்டு, மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் வித்து கொண்ட கரைசலை விட்டு மூடி, 60 நாள் கழித்துப் பிளந்து பார்ப்பது வழக்கமான முறை. உச்சி காய்ந்ததா, புண் எவ்வளவு அகலம், வெள்ளைத்திட்டு எப்படி, எத்தனை கணுவைத் தாண்டியது என்று 0 முதல் 9 வரை மதிப்பெண். 2 வரை எதிர்ப்பு, 4 வரை நடுத்தர எதிர்ப்பு. இதில் முக்கியம் எந்த நோய்க்கிருமி வகையை ஊற்றுகிறோம் என்பது. சிஎஃப் 06இல் தேறியது சிஎஃப் 13இல் விழலாம். ஒரே வகையில் சோதித்துவிட்டு "செவ்வழுகல் எதிர்ப்பு" என்று எழுதுவது விவசாயிக்குச் செய்யும் தீங்கு.

உலகில் உழவர் கைக்கு வந்த மரபணு மாற்றக் கரும்புகளாக முதலில் பேசப்பட்டவை நோய்க்கானவை இல்லை. இந்தோனேசியா 2013இல் வறட்சி தாங்குவதை அனுமதித்தது, பிரேசில் 2017இல் தண்டுத்துளைப்பான் புழுவைத் தாங்கும் பி.டி. கரும்பை (பாக்டீரியாவின் புழுக்கொல்லி மரபணு வைத்தது) அனுமதித்தது. புழு போட்ட ஓட்டை வழியாகத்தான் அங்கே அழுகல் பூஞ்சைகள் உள்ளே போகின்றன, அதனால் புழுவைத் தடுப்பது மறைமுகமாக நோயையும் குறைக்கும். இந்தியாவில் சாகுபடிக்கு அனுமதி பெற்ற மரபணு மாற்றக் கரும்பு கிடையாது. மரபணு மாற்ற உயிரிகளுக்கான 1989 விதிகளின் கீழ் படிப்படியான வயல் சோதனை தேவை, அதில் மாநில அரசின் ஒப்புதலும் ஒரு படி. இங்கே இந்தக் கறார் தேவைதான் என்பது என் கருத்து. கோவையில் கரும்பு நன்றாகப் பூக்கிறது, கரும்போடு கலக்கக் கூடிய நாணல் வாய்க்கால் கரையிலேயே நிற்கிறது. அந்த நாணல்தான் நம் அடுத்த நூறு ரகத்துக்கான கருவூலம்.

வெளி மரபணு இல்லாமல் உள்ளதையே திருத்தும் ஜீன் எடிட்டிங் பக்கம் இப்போது நம்பிக்கை திரும்பியிருக்கிறது. 2022இல் இந்தியா அதன் எளிய வகைகளுக்கு விதித்தளர்வு தந்தது. கரும்பில் அதன் சிரமம் எண்ணிக்கை. ஃபுளோரிடாவில் தண்டுக்கு உறுதி தரும் லிக்னின் தொடர்பான ஒரே மரபணுவில் நூறுக்கு மேற்பட்ட நகல்களைத் திருத்த வேண்டியிருந்தது, செய்தும் காட்டினார்கள். நோய்க்கு இடங்கொடுக்கும் ஒரு மரபணுவை அணைக்க நினைத்தால் ஒரு நகல் மிஞ்சினாலும் கதவு திறந்திருக்கும். வெளியிலிருந்து எதிர்ப்பு மரபணு வைப்பதற்கு ஒரு நகல் போதும். இந்தக் கணக்கால்தான் இரண்டு வழியும் தொடர்கின்றன.

எந்த வழியில் எதிர்ப்பு வந்தாலும், அந்த ஒற்றைச் செடி ஏக்கர் கணக்காகப் பெருகப் போவது இதே குருத்து நுனியும் பாட்டிலும் குழித்தட்டும் கரணையும் வழியாகத்தான். செவ்வழுகலைத் தாங்கும் ரகத்துக்குள் மறுதாம்புக் குட்டை நோய் ஏறிக்கொள்வதை அந்த எதிர்ப்பு மரபணு தடுக்காது. அந்த நோய் அதிகம் பரவுவது வெட்டுக் கத்தியில். நோயுள்ள ஒரு தூரை வெட்டிய அரிவாள், துடைக்காமல் அடுத்தடுத்துப் போகும் தூர்களுக்கெல்லாம் சாற்றோடு பாக்டீரியாவைக் கொடுத்துக்கொண்டே போகும். விதைக்கரும்பு வயலுக்குள் நுழையும் முன்னும், வரிசை மாறும்போதும், கத்தியைக் கிருமிநாசினிக் கரைசலில் சில நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். வாளியில் ஒரு கத்தி ஊறும்போது கையில் இன்னொன்று இருக்க, ஆளுக்கு இரண்டு கத்தி வேண்டும். கரணை வெட்டும் இயந்திரத்தின் பிளேடுக்கும் இதே நடைமுறைதான். மற்ற வயல்களிலும் வேலை செய்யும் ஆட்களை விதை வயலில் கடைசியாக இறக்காமல், காலையில் முதல் வேலையாக இறக்க வேண்டும்.